துணை ஓட்டுநர்

நானும் மிர்தாவும் ஒரே படுக்கையில்தான் தூங்குகிறோம்,
ஒரே நேரத்தில் அல்ல.
லாரி இருக்கைக்குப் பின்னால் ஒடுக்கமான பலகை.
அவள் எழுந்துபோன பள்ளத்தில் நான் படுக்கிறேன்.
போர்வை இன்னும் சூடாயிருக்கும்.
தலையணையில் பேரிக்காய் வாசம், கொஞ்சம் டீசல்.
பத்தொன்பது வருடத்தில் எங்கள் காதலின் பெரும்பகுதி
இப்படித்தான் கைமாறியிருக்கிறது.

ஆலெனில் பழம் ஏற்றினால்
தெற்கே ரியோ காயேகோஸ் வரை இரண்டு பகல், ஒரு இரவு.
மேற்கிலிருந்து காற்று
கடன்காரனைப் போல வண்டியைத் தள்ளிக்கொண்டே வரும்.
நேராகப் போக வேண்டுமென்றால்
ஸ்டீயரிங்கைச் சற்றுக் கோணலாகப் பிடிக்க வேண்டும்.
கல்யாணத்துக்கு முந்தின நாள்
யோசனை கேட்ட தம்பியிடம் இதைத்தான் சொன்னேன்.
அவன் வேறெதையோ எதிர்பார்த்திருந்தான்.

முதல் வருடம் நான் தூங்கவே இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு
அவள் கியர் மாற்றுவதைக் கேட்டுக் கிடப்பேன்.
"தாமதம்" என்று பலகையிலிருந்து கத்துவேன்,
"இப்போது சீக்கிரம்" என்று கத்துவேன்.
சியர்ரா கிராண்டே தாண்டி ஒருநாள்
ஓரம் கட்டினாள். சாவியை என் மார்பில் வைத்தாள்.
"நீயே தூங்கிக்கொண்டு ஓட்டு."
இறங்கி முட்செடிகளுக்குள் நடந்தாள்.
பன்னிரண்டு டன் பேரிக்காயோடு
ஒரு மனிதன் தன் மனைவியின் பக்கத்தில்
நடை வேகத்தில் ஊர்ந்து வருவதைப் பார்த்து
எதிரே வந்தவர்களெல்லாம் விளக்கை அணைத்து ஏற்றினார்கள்.
நாற்பது நிமிடம்.
ஏறியபோது அவள் காலுறை முழுக்க முள்.
அதை எடுத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன்,
முள்ளிடம் கேட்பதைப் போல.

அய்லின் நான்கு வயது வரை
எங்கள் இருவருக்கும் நடுவில் வளர்ந்தாள்.
அவள் பேசிய முதல் சொல்
அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.
பிரேக்.
பிறகு பள்ளிக்கூடம், மிர்தாவின் அக்கா வீடு.
பல் விழுந்ததை கொமொடோரோவில் போனில் கேட்டேன்.
கணக்கில் தோற்றதை எவரும் சொல்லவில்லை,
நான் வீட்டில் இருந்த மூன்று நாளைக்கு
எல்லாரும் நல்ல முகத்தோடு இருக்கட்டும் என்று.
அப்பா என்றால் அவளுக்குத் தெருமுனையில் ஒரு ஹார்ன்:
இரண்டு குறில், ஒரு நெடில்.
அதைக் கேட்டு ஓடிவருவாள்.
இப்போது பதினேழு. நடந்து வருகிறாள்.
வருகிறாள், அது போதும் என்பேன்.
போதாது என்று மிர்தாவுக்குத் தெரியும்.

இந்த ஜூனில் கண் டாக்டர்
என் இரவை எடுத்துக்கொண்டார்.
எதிர்விளக்கு எனக்கு இப்போது
கசங்கிய வெள்ளைக் காகிதம்.
அலுவலகத்தில் அந்தப் பையன்
அழிப்பானால் இரண்டு பெயரையும் இடம் மாற்றினான்:
மேலே அவள், ஓட்டுநர்.
கீழே எலாதியோ பெனாவிதெஸ், துணை.
கையெழுத்துப் போட்டேன்.
கல்யாணப் பதிவேட்டுக்கு அப்புறம்
அந்தச் சொல்லுக்கு நான் போட்ட இரண்டாவது கையெழுத்து.
முதல் தடவை படித்துப் பார்க்கவில்லை.

ஓட்டுகிறவருக்கு மாத்தே ஊற்றித் தருவது
ஓட்டாதவர் வேலை.
இத்தனை வருடமும் அவள் தந்தது சரியான சூட்டில் இருந்தது.
நான் தந்த முதல் குவளையில் நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.
ஒன்றும் சொல்லாமல்
இரண்டாவதுக்குக் கை நீட்டினாள்.

நேற்று இரவு பலகையில் கிடந்தேன்.
சாலையில் காற்று, தூரத்தில் எண்ணெய்க் கிணற்றின் தீ.
"தூங்கு, எலாதியோ" என்றாள், திரும்பாமலே.
"தூங்கவில்லை என்று எப்படித் தெரியும்?"
"மூச்சு."
அப்படியென்றால்
நான் கியரைக் கேட்டுக் கிடந்த அத்தனை இரவும்
அவள் என் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறாள்.

ஒரு குவானாக்கோ
வேலியோரம் நின்று யோசித்தது.
மிர்தா கியரை இறக்கினாள், கொஞ்சம் தாமதமாக.
நான் எதுவும் சொல்லவில்லை.